மேதகு பட்நாகரின் முதல் கண்டனம்

மேதகு நிரஞ்சன் ஸ்வரூப் பட்நாகர் தம் வாழ்நாளில் எதையும் கண்டித்ததில்லை. வெளியுறவுப் பணியில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கறை தம்மீது படாமல் பார்த்துக்கொண்டார். ஓய்வு பெற்றுக் கட்சியில் சேர்ந்து, மாநிலங்களவைக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தார்.

அவர் தூதராக இருந்த ஒரு நாட்டில் ராணுவம் புகுந்து மந்திரிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. அன்று மதியம் தூதரகத்தில் விருந்து. சத்தம் கேட்டு விருந்தாளிகள் எழுந்தார்கள். இனிப்பு இன்னும் பரிமாறப்படவில்லை என்று நினைவூட்டி எல்லோரையும் உட்கார வைத்ததை அவரே மேடைகளில் சொல்லுவார். மறுநாள் தில்லிக்கு அவர் அனுப்பிய தந்தியில் "நிலைமையைக் கவனித்து வருகிறோம்" என்று இருந்தது. அதற்காக அவருக்கு அடுத்து இன்னும் குளிர்ச்சியான ஒரு தலைநகரம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவர் இப்போது தலைவராக இருக்கும் வாரியத்தில் கடைநிலை உதவியாளன். பெயர் பிரமோத் உனியால். பகலில் வேலை, மாலையில் கரோல் பாகில் ஒரு பயிற்சி நிலையத்தில் சர்வதேச உறவு டிப்ளமோ படிக்கிறேன். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் ஏணி வரைவார். கீழ்ப்படியில் "கவனித்து வருகிறோம்". அதற்கு மேல் "கவலை கொள்கிறோம்". பிறகு "ஆழ்ந்த கவலை". பிறகு "வருந்துகிறோம்". உச்சியில் "கண்டிக்கிறோம்". உச்சிப்படிக்குப் போய்விட்டால் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனவே போகவே கூடாது என்பார். எங்கள் மேதகு முதல் படியிலேயே ஒரு முழு வாழ்க்கையை நடத்தியவர் என்று உதாரணம் காட்டுவார். அப்போது வகுப்பில் எனக்குச் சற்றுப் பெருமையாக இருக்கும். புரியாததையெல்லாம் அன்றன்று நான் எழுதி வைப்பது வழக்கம். பெரும்பாலும் தவறு என் பக்கம்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் வாரியத்தின் பெயர் அயலகவாழ் இந்தியர் மரியாதை வாரியம். வெளிநாட்டில் ஓர் இந்தியருக்கு என்ன நேர்ந்தாலும் அது மரியாதையோடு நேர வேண்டும் என்பது எங்கள் குறிக்கோள். நேராமல் தடுப்பது வேறு துறை.

அங்கே என் வேலை, நிற்பது. எந்த விழாவானாலும் எங்கள் புரோட்டோகால் அதிகாரி சுனந்தா ஜௌஹரி மேடம் முன்கூட்டியே முழு ஒத்திகை வைப்பார். வரப்போகிற பெரிய மனிதருக்குப் பதிலாக யாராவது நின்று, நடந்து, மாலை வாங்கிக்கொள்ள வேண்டும். என் உயரமும் எடையும் எல்லோருக்கும் நடுவானவை என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் இரண்டு நாட்டுப் பிரதமராக இருந்திருக்கிறேன். ஒரு சுல்தானாக இருந்து சிவப்புக் கம்பளத்தில் தடுக்கி விழுந்திருக்கிறேன். நான் விழுந்த இடத்தில் கம்பளத்துக்கு ஆணி அடித்ததால் நிஜ சுல்தான் விழவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் என்னை "மகாராஜ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் குந்தன் சிங் சஜ்வாண் வந்தார். என்னைப் போலவே கட்வாலி மலைக்காரர். தில்லியில் டாக்ஸி ஓட்டுகிறார். அவருடைய அண்ணன் திரேபன் சிங், ஒசாகாவில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அங்க முதலாளி நல்ல மனுஷன், பண்டிட்ஜி," என்றார் குந்தன் என்னிடம். என் பிராமணக் குடும்பப் பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தார். "பொட்டி கட்டி, டிக்கெட்டும் போட்டு ரெடியா வெச்சிருக்காரு. உங்க வாரியத்துச் சீட்டு ஒண்ணு இருந்தா தில்லியில மடமடன்னு விட்டுருவாங்கன்னு எவனோ சொன்னான். அதான் வந்தேன்."

அவர் கேட்ட எங்கள் மரியாதைச் சான்று எங்குமே தேவையில்லை. அது எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் கோப்பு ஒன்று திறந்துவிட்டால், மற்ற எல்லா அலுவலகங்களும் "விஷயம் வாரியத்தில் இருக்கிறது" என்று கையைக் கட்டிக்கொள்ளும். அவர் எங்கள் வாசற்படி ஏறிய அந்த நேரத்தில், அதுவரை தேவைப்படாத சான்று கட்டாயத் தேவையாகிவிட்டது.

ஜௌஹரி மேடம் அவரை நிற்க வைத்தே கேட்டார். "இறந்தவர் என்ன ரேங்க்?"

"சமையல்காரருங்க மேடம்."

"தலைமைச் சமையல்காரரா?"

"தந்தூர் அடுப்புல நிப்பாரு."

மேடம் கேன்டீன் பக்கம் திரும்பி, "கண்ணாடி டம்ளர்" என்றார். எங்கள் வாரியத்தில் மந்திரி அந்தஸ்துக்குத் தங்கக் கோடு போட்ட கோப்பை, அதற்குக் கீழே நீலக் கோடு, மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். குந்தன் டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தார். குடிக்கவில்லை.

"மேடம், ஒரு விஷயம். எங்க ஊர்ல பொணம் எரியாம வீட்டுல அடுப்பு எரியாது. பௌஜி, அதான் அண்ணன் சம்சாரம், சேதி வந்த அன்னிக்கு அடுப்பை அணைச்சுது. பிள்ளைங்க பக்கத்து வீட்டு ரொட்டியத் தின்னுட்டு இருக்குதுங்க. கொஞ்சம் சீக்கிரமா..."

"அது உள்ளூர் வழக்கம்," என்றார் மேடம் கனிவாக. "அதை நாங்க ஆதரிக்கவும் மாட்டோம், எதிர்க்கவும் மாட்டோம்."

அந்த நேரம் மேதகு தம் அறையிலிருந்து வெளியே வந்தார். வந்தவர் தற்செயலாக, "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டார். டிஹ்ரி பக்கம், பிலங்கனா ஆற்றங்கரை என்றதும் நின்றுவிட்டார். அடுத்த தேர்தலில் அந்த மலைத் தொகுதியில் அவர் மக்களவைக்கு நிற்கப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. தொகுதியை அவர் இதுவரை விமானத்தின் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருந்தார். கண்ணாடி டம்ளரைக் கையால் விலக்கி, "மிஸ்டர் சஜ்வாணுக்குத் தங்கக் கோடு" என்றார்.

பிறகு குந்தனின் தோளில் கை வைத்தார். "உங்க அண்ணனை ஒரு தனி ஆளா நான் பாக்கல, மிஸ்டர் சஜ்வாண். அவரை நான் ஒரு தொகுதியா பாக்கறேன். சும்மா சரக்கு மாதிரி வந்து இறங்க விட மாட்டேன். மரியாதை வரவேற்பு. கொடி, மலர்வளையம், டிவி. சான்றை என் கையாலயே அங்க வெச்சுக் குடுக்கறேன்."

"வேண்டாம் சாஹப். சீட்டை இங்கயே குடுத்துட்டீங்கன்னா..."

"உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு மேதகு காருக்குப் போனார்.

அவர் போனது ஜெனீவாவுக்கு. மனித கண்ணியம் பற்றிய கருத்தரங்கு. அவர் திரும்பும் வரை பெட்டி ஒசாகாவிலேயே இருக்கட்டும் என்று ஜௌஹரி மேடம் எழுதச் சொன்னார், எழுதினேன். திரும்பி வந்ததும் முன்னோருக்கான பித்ரு பட்சம் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் புது முயற்சி எதுவும் கூடாது என்று கட்சி ஜோசியர் சொன்னார். அது முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் கிரிக்கெட் பக்கம் போய்விட்டார்கள். குந்தன் தினமும் சவாரிக்கு நடுவே வந்து வாசலில் வண்டியை நிறுத்துவார். தினமும் தங்கக் கோட்டுக் கோப்பையில் தேநீர் வரும். அதுவும் ஜன்னலில் ஆறும்.

"பண்டிட்ஜி, நெஜமாச் சொல்லுங்க," என்றார் ஒரு நாள். "உங்க சாஹப் எப்பவாவது ஒரு வேலைய முடிச்சிருக்காரா?"

நான் யோசித்தேன். அவர் ஆரம்பித்து வைத்தவை நிறைய நினைவுக்கு வந்தன. "அவர் முடிக்கற ஆள் இல்ல, குந்தன் பாய். கவனிச்சுக்கிட்டே இருப்பாரு."

"எங்க ஊர்ல மாடு கூடத்தான் கவனிச்சுக்கிட்டே இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

கடைசியில் தேதி குறித்தார்கள். வாரியப் புல்வெளியில் முழு ஒத்திகை. அதற்கென்று ஒரு பெட்டி செய்யச் சொல்லியிருந்தார் மேடம்: தேக்கு, பித்தளைக் கைப்பிடிகள், உள்ளே நீல வெல்வெட். தோட்டக்காரர்களுக்கு வெள்ளை உடையும் கையுறையும் மாட்டித் தூக்க வைத்தார்கள். காலிப் பெட்டி அவர்கள் தோளில் குதித்தது.

"ஆள் இல்லாத பெட்டின்னு பார்த்தாலே தெரியுது," என்றார் மேடம். "மகாராஜ், நீ ஏறு."

எனக்கு ஒரு சந்தேகம். "மேடம், நான் இறந்தவரோட தம்பியா இருக்கணும்னு காலையில சொன்னீங்க..."

"இப்போ இறந்தவர். பதவி உயர்வுன்னு வெச்சுக்க."

கைப்பிடிக்குக் கீழே மூச்சுக்காகத் துளைகள் போட்டிருந்தார்கள். யாரோ முன்யோசனையோடு செய்திருக்கிறார்கள் என்று உள்ளே படுத்தபடி நினைத்துக்கொண்டேன். மூடி விழுந்தது. புது மெருகின் நெடி மூக்கில் ஏறியது. மேலே மேதகு உரையைப் பழகத் தொடங்கினார்.

"திரேபன் சிங்கை நான் அறிந்ததில்லை. ஆனால் திரேபன் சிங் என்னை அறிந்திருப்பார். அயல் மண்ணில் அவர் ரொட்டி சுட்ட ஒவ்வொரு நாளும், தில்லியில் தம் மரியாதைக்காக ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நிம்மதியோடு சுட்டிருப்பார். அந்த நிம்மதியிலேயே அவர் கண்மூடினார். அவருடைய மரணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல். பிறகு பெட்டியின் மேல் தட்டிக் கேட்டார். "எப்படி இருந்துச்சு, மகாராஜ்?"

"நல்லா இருந்துது சார்."

"இறந்தவர் பேசக் கூடாது," என்றார் ஜௌஹரி மேடம்.

அன்று மாலை வகுப்பில் என் சட்டையிலிருந்து மெருகு வாசனை வந்துகொண்டே இருந்தது. ஏணிப் பாடம்தான் நடந்தது. உரையில் இருந்த கடைசி வாக்கியத்தை ஆசிரியரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். எனக்குத்தான் ராஜதந்திர மொழி இன்னும் சரியாகப் பிடிபடவில்லையோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விழா நாள் காலை, விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் நிஜப் பெட்டி வந்து இறங்கியது. ஒட்டுப்பலகைப் பெட்டி. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை. மேலே அம்புக்குறி, ஜப்பானிய எழுத்து, எடைச் சீட்டு. எங்கள் மலர்ப் பந்தலுக்கு அடுத்திருந்த கொட்டகையில், கார் உதிரி பாகங்களுக்கும் மீன் தொட்டிகளுக்கும் நடுவே வைத்திருந்தார்கள். ஒரு மூலை ஈரமாக இருந்தது.

ஜௌஹரி மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார். "ஃபிரிட்ஜ் வந்த மாதிரி இருக்கு. இதையா எக்ஸலன்சி பக்கத்துல வெக்கிறது?"

மேதகு தூரத்திலிருந்தே பார்த்தார். "இது இறந்தவருக்கே அவமரியாதை," என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

முடிவு சீக்கிரமாகவே எடுக்கப்பட்டது. பந்தலுக்குத் தேக்குப் பெட்டி வரும். ஒட்டுப்பலகைப் பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் பின்வாசலில் ஒப்படைக்க வேண்டும். தோட்டக்காரர்கள் என் எடைக்குப் பழகியிருந்ததால் நான் உள்ளே இருக்க வேண்டும்.

"சார்," என்றேன். "அவங்க தம்பி வந்து மாலை போடுவாரு. அழுவாரு."

மேதகு கோபப்படவில்லை. "மகாராஜ், நீ எத்தனை தலைவர்களுக்குப் பதிலா நின்னிருக்க? ஒருத்தராவது வந்து, என் இடத்துல ஏன் நின்னன்னு கேட்டாரா? இதுக்குப் பேருதான் பிரதிநிதித்துவம். ஆயுசு பூரா நான் வேற என்ன செஞ்சேன்? இந்த நாட்டு ஜனங்களுக்குப் பதிலா நான் சாப்பிட்டேன். அவங்களுக்குப் பதிலா நல்ல ஓட்டல்ல தூங்கினேன். ஒருத்தரும் குறை சொல்லல. ஏறிப் படு."

ஏறிப் படுத்தேன். இதை எழுதும்போது என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது; ஆனாலும் படுத்தேன்.

உள்ளே இருட்டு. தூக்கினார்கள், ஒத்திகையில் போலவே ஒரே சீராக நடந்தார்கள், வைத்தார்கள். வாத்தியம் நின்றது. மேதகு மரியாதைச் சான்றை வெள்ளிச் சட்டம் போட்டுக் குந்தனிடம் கொடுப்பதை ஒலிபெருக்கி அறிவித்தது. படம் எடுப்பவர்கள், "இங்க பாருங்க, இன்னும் கொஞ்சம் சோகமா" என்று கத்தினார்கள். பிறகு "இறந்தவரின் இளவல் மலரஞ்சலி செலுத்துவார்" என்றார்கள்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. சாமந்தி மாலை மூடிமேல் விழுந்தது. குந்தன் பெட்டிமேல் கவிழ்ந்து அழ ஆரம்பித்தார். "பைஜி! என் பைஜி!" எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தக் குரல் என் மார்புக்கு நேர்மேலே கேட்டது. இப்போதே கத்தி எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். எழுந்தால் இந்த மனிதன் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அழுகை நடுவில் மாறியது. வாய் மூச்சுத் துளைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். எங்கள் மலைப் பேச்சில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பண்டிட்ஜி. நீங்கதானே?"

நான் தலையை அந்தத் துளைப் பக்கம் திருப்பினேன்.

"பலகைல கை வெச்சேன், மூச்சு தட்டுது. எல்லாருக்கும் பதிலா நிக்கிறது நீங்கதானே. பதில் பேசாதீங்க. பைஜி!" என்று உரக்க ஒரு தடவை அழுதுவிட்டுத் தொடர்ந்தார். "பௌஜி வந்ததும் நேரா கொட்டகைக்குத்தான் போச்சு. பொட்டியில பேரு ஒட்டியிருக்கு. அதைப் படிச்சுக் காட்ட எனக்கு உங்க வாரியம் தேவைப்படல. இந்தக் கண்ணாடி போட்ட சீட்டு கைக்கு வரட்டும்னுதான் நின்னேன். வந்திடுச்சு. ஊர்ப் பசங்க பைஜிய ஜீப்புல ஏத்துறாங்க. பௌஜியும் ஏறிடுச்சு. ஐயோ, என் பைஜி! உங்க சாஹப் கண்டா வண்டிய நிறுத்தி இன்னொரு தடவை மாலை போடுவாரு. அவங்க மௌன அஞ்சலிக்குத் தலைய குனியறப்ப நாங்க கெளம்பிடுவோம். அது வரைக்கும் கொஞ்சம் செத்தே இருங்க, பண்டிட்ஜி. புண்ணியமாப் போகும்."

நான் விரல் கணுவால் மூடியை உள்ளிருந்து ஒருமுறை தட்டினேன்.

குந்தன் எழுந்தார். மௌன அஞ்சலி அறிவிக்கப்பட்டது. எங்கள் மேதகு மௌனத்தில் தேர்ந்தவர். மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் குனிந்தே நிற்பார்; படத்தில் அது நன்றாக விழும். அதிகாரிகள் அவரைப் பார்த்து நிற்பார்கள், காவலர்கள் அதிகாரிகளைப் பார்த்து நிற்பார்கள். அந்த அமைதியில் கொட்டகைப் பக்கம் ஒரு ஜீப் உறுமியது. கியர் மாறியது. சத்தம் வாசலைத் தாண்டி, சாலையில் கரைந்து போகும் வரை நான் இறந்தவனாக இருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதிலும் தும்மல் வந்தது, வெல்வெட்டைக் கடித்துக்கொண்டேன்.

மௌனம் முடிந்ததும் மேதகு உரையாற்றினார். மரணத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்ற இடத்தில் நல்ல கைதட்டல். பிறகு குடும்பத்தினரை அணைத்தபடி ஒரு படம் என்று திட்டம். ஒலிபெருக்கி குந்தனைப் பலமுறை கூப்பிட்டது. ஜௌஹரி மேடம் கொட்டகை வரை ஓடிப்போய் வந்தார்.

"போயிட்டாங்க சார்."

"போயிட்டாங்கன்னா?"

"குடும்பம் போயிடுச்சு. அந்த ஃபிரிட்ஜ் பெட்டியையும் எடுத்துக்கிட்டு."

"பெட்டி கெடக்கட்டும். நான் இன்னும் கெளம்பலையே?" என்றார் மேதகு. "தலைமை விருந்தினர் வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி எப்படி ஒருத்தர் கெளம்ப முடியும்?"

மேடம் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று நடக்கலாம் என்று எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில் மேதகு ஒரு தேக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். பெட்டி அவருடையது போல இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களைக் கூப்பிட்டு, கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்றார். பெறுநர், காலஞ்சென்ற திரேபன் சிங் சஜ்வாணின் குடும்பத்தார்.

"'இச்செயல் குறித்து வாரியம்...'" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"கவலை கொள்கிறது, சார்?" என்றார் ஜௌஹரி மேடம்.

"இல்ல."

"ஆழ்ந்த கவலை?"

"இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். "வருத்தம்...?" என்றார் மேடம் மெல்ல.

மேதகு எழுந்து ஜன்னல் ஓரம் போனார். சுவரோரம் சுடப்பட்ட மந்திரிகளுக்கும், பாலைவனத்தில் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டுக் கிடந்த கூலிக்காரர்களுக்கும், குண்டு விழுந்த பள்ளிக்கூடத்துக்கும் அவர் கொடுக்க மறுத்த அந்தச் சொல் அவர் தொண்டையில் ஏறுவது தெரிந்தது.

"எழுது, மகாராஜ். வன்மையாகக் கண்டிக்கிறது."

ஜௌஹரி மேடம் தம்மையறியாமல் எழுந்து நின்றார்.

கடிதம் போன பிறகு ஒரு பகல் வேளையில் குந்தன் தொலைபேசியில் கூப்பிட்டார். புல்வெளியில் தேக்குப் பெட்டிக்கு மறுபடி மெருகு போட்டுக்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு கொத்தனார் வரப்போகிறார். எடை குறையாமல் பார்த்துக்கொள் என்று மேடம் காலையிலேயே சொல்லியிருந்தார். மெருகு நெடி தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

அந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சல் கேட்டது. "கடுதாசி வந்திடுச்சு, பண்டிட்ஜி. ஊர்க் கணக்கு பாக்கற பட்வாரிகிட்டக் குடுத்துப் படிச்சோம். கண்டனம்னு போட்டிருக்காம். அப்படின்னா என்ன பண்ணுவாங்க? வந்து பிடிச்சுட்டுப் போவாங்களா?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க, குந்தன் பாய். அதுக்கு மேல அவங்ககிட்ட எதுவும் கிடையாது."

"அவ்வளவுதானா!" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு யாரோ பின்னாலிருந்து ஏதோ கேட்க, அவர் வாயை அந்தப் பக்கம் திருப்பிப் பேசிவிட்டு வந்தார்.

"பௌஜி கேக்குது, பைஜிக்குப் பதிலா படுத்திருந்த அந்தப் பண்டிட்ஜி எப்ப சாப்பிட வருவாருன்னு. ரெண்டு ரொட்டி சூடா சாப்பிட்டுப் போங்க. அடுப்பு பத்த வெச்சாச்சு."